கமென்ட் வரிகளின் கடைசியில் உள்ள ஸ்பேஸ்களை மொத்தமாக நீக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். தரமணியில் நாங்கள் பராமரிப்பது பழைய, பெரிய சி பிளஸ் பிளஸ் கோட். கோடில் விளக்கத்துக்காக எழுதும் கமென்ட் வரிகளின் கடைசியில் எல்லாம் தேவையில்லாத ஸ்பேஸ். எடிட்டர் சேவ் செய்யும்போதே அவற்றை அழித்துவிடுவதால், ஒரு வரியைத் திருத்தினாலும் ரிவ்யூவில் பக்கம் முழுக்க மாறியதாகக் காட்டுகிறது. பார்க்கிறவர் பாவம்.

ஒரே கமிட்டில் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றங்களின் தொகுப்பு) எல்லாவற்றையும் நீக்கிவிட நினைக்கிறேன். எந்த வரியை யார், எந்தக் கமிட்டில் மாற்றினார்கள் என்று காட்டும் கிட் பிளேம் குழம்பாமலிருக்க, 2019-இல் கிட் 2.23 பதிப்பில் வந்த வசதியை வைத்து அந்தக் கமிட்டை ஒதுக்கிவிடலாம். அது சரி.

பயமெல்லாம் வேறு இடத்தில். விண்டோஸ் ஃபோல்டர் பாதை எழுதிய சில ஒற்றைவரிக் கமென்ட்கள் பேக்ஸ்லாஷில் முடிகின்றன, அதற்குப் பிறகு ஒரு ஸ்பேஸ். பேக்ஸ்லாஷில் முடியும் வரியோடு அடுத்த வரி சேர்ந்துகொள்ளும் என்பதால், அந்த ஸ்பேஸை எடுத்தால் விஷுவல் சி பிளஸ் பிளஸில் அடுத்த வரியும் கமென்ட்டாகிவிடும். எச்சரிக்கை வரும், ஆனால் எங்கள் பில்டில் ஏற்கெனவே குவியும் எச்சரிக்கைகளுக்கு நடுவே யார் கவனிப்பார்கள்? அப்புறம், ரா ஸ்ட்ரிங்குக்குள் (எழுதியபடியே மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும் உரை) இருக்கும் ஸ்பேஸைத் தொடவே கூடாது. எழுத்து அமைப்பை மட்டும் பார்த்துத் தேடும் வெறும் ரெஜெக்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கமென்ட்டை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்தும் கருவியோ ஸ்கிரிப்டோ பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? வேலை முடியாமல் பாதியில் நிற்கும் பிராஞ்ச்களை (கோடின் தனிக் கிளைகள்) எப்படிச் சமாளித்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி.