இறக்குமதி யாவாரத்துக்கு எந்தக் கணக்கு மென்பொருள்? எக்ஸெல் இனிக் காணாது

சுன்னாகம்_யாவாரி:

வணக்கம். தண்ணிப் பம்பு, மருந்தடிக்கிற ஸ்பிறேயர், அவற்றின்ர உதிரிப்பாகங்கள் இறக்குமதி செய்து மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிற யாவாரம். கூடுதலா சீனாவிலயிருந்து, மிச்சம் இந்தியாவிலயிருந்து. முந்தி வருசத்துக்கு 2, 3 கொன்ரெயினர், இப்ப 9. சாமான் 640 வகை மட்டில. கிளிநொச்சி, வவுனியா, மன்னார் கடைகளுக்கு 45 நாள் கடனில குடுக்கிறது. வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இருக்கு.

கணக்கு முழுக்க எக்ஸெல். பில் அடிக்கிறது வேறொரு சின்ன மென்பொருள். ரெண்டுக்கும் தொடர்பில்லை. கொன்ரெயினர் வந்திறங்கி விலை போடேக்க உண்மையான கிரயம் தெரியாது. டொலர் விலையை ஒரு குத்துமதிப்பு விகிதத்தால பெருக்கித்தான் போடுறது. குயிக்புக்ஸ், சோஹோ புக்ஸ், டேலி, ஒடூ எண்டு ஆளுக்கொரு பேர் சொல்லினம். பில் அடிக்க ரெண்டு பேர், களஞ்சியத்துக்கு ஒருவர், கணக்காளர் வாரத்தில ஒருநாள். எதை வைச்சுத் தெரிவு செய்யிறது?

ஐந்தொகை:

பெயருக்குப் போக முதல் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கொன்ரெயினரின் எல்லாச் செலவையும் ஓரிடத்தில் திரட்டி, அதிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் சரியான அளவுகோலால் பிரித்துத் தொக்கின் (கையிருப்புச் சாமானின்) கிரயத்தில் ஏற்ற அந்த மென்பொருளால் முடியுமா? முடியாதென்றால் அது உங்களுக்கு வெறும் பில் புத்தகம்தான்.

உங்கள் சாமானையே உதாரணமாக எடுப்போம். 20 அடிக் கொன்ரெயினர் ஒன்றில் 200 பம்பு, ஒன்று 60 டொலர். 500 ஸ்பிறேயர், ஒன்று 8 டொலர். சாமான் பெறுமதி 12,000 + 4,000 = 16,000 டொலர். கப்பல் கூலி 1,600 டொலர். பம்பு பிடிக்கிற இடம் 7 கன மீற்றர், ஸ்பிறேயர் 21 கன மீற்றர்.

கூலியைப் பெறுமதிப்படி பிரித்தால் பம்புக்கு 1,200, ஸ்பிறேயருக்கு 400. அதாவது ஒரு ஸ்பிறேயருக்கு 80 சதம். கன அளவுப்படி பிரித்தால் பம்புக்கு 400, ஸ்பிறேயருக்கு 1,200. ஒரு ஸ்பிறேயருக்கு 2.40 டொலர். 8 டொலர்ச் சாமானில் 1.60 டொலர் வித்தியாசம், 20 வீதம். மொத்த விற்பனையில் ஸ்பிறேயருக்கு நீங்கள் வைக்கிற இலாபமே அவ்வளவுதான் இருக்கும். பெறுமதிப்படி பிரிக்கிற மென்பொருள், இடத்தை அடைக்கிற மலிவுச் சாமானை எப்போதும் உள்ளதைவிடக் கூடிய இலாபமாகக் காட்டும். நீங்களும் அதையே இன்னும் கூட ஓடர் பண்ணுவீர்கள்.

கொழும்பிலிருந்து வருகிற லொறிக் கூலிக்கும் இதே கதைதான்: கன அளவு, அல்லது நிறை. காப்புறுதிக்குப் பெறுமதி சரி. சுங்கத் தீர்வையை மட்டும் எந்த விகிதத்திலும் பிரிக்கக் கூடாது. கஸ்டெக்கில் (சுங்கத்துக்குக் கொடுக்கிற இறக்குமதிப் பிரகடனம்) ஒவ்வொரு எச்.எஸ். குறியீட்டுக்கும் (சாமான் வகைக்கான சுங்க இலக்கம்) தீர்வை தனித்தனியாகப் போடப்பட்டிருக்கும். பம்புக்கு ஒரு வீதம், பிளாஸ்ரிக் சாமானுக்கு இன்னொரு வீதம். அந்தத் தொகையை அந்தச் சாமானுக்கே நேராக ஏற்ற வேண்டும். ஆகவே ஒரே சரக்குக்குள் செலவு வகைக்கு ஒரு பிரிப்பு முறை வைக்க விடுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான் என்றால் காணாது.

கிரயத்துக்குள் போகக் கூடாதவையும் உண்டு. திரும்பப் பெறக்கூடிய வற் போகாது. கப்பல் கொம்பனிக்குக் கட்டுகிற கொன்ரெயினர் வைப்புப் பணம் போகாது. அது வரவேண்டிய காசு, தனிக் கணக்கு வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி வாங்க மறந்துவிடும். ஆவணம் பிந்தி டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டினால், தொக்குக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 2 இன்படி அது வழமைக்கு மாறான செலவு. இலாப நட்டக் கணக்குக்கே போகும்.

வாவ்_பக்கம்:

வற் விசயத்தில கன மென்பொருள் சறுக்கும். உள்ளூர்க் கொள்வனவில 18 வீதத்தை பில் தொகையில போட்டால் சரி. இறக்குமதியில அப்பிடி இல்லை. வற் கணிக்கிற அடிப்படை: சி.ஐ.எஃப். பெறுமதி (சாமான் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூண்டும் சேர்ந்தது), அதில 10 வீதம் கூட்டி, அதுக்கு மேல தீர்வை, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, செஸ் (சில இறக்குமதிச் சாமானுக்கு மட்டும் போடுற வரி) இருந்தால் அதுவும்.

சி.ஐ.எஃப். 10 இலட்சம், தீர்வை 20 வீதம், துறைமுக வரி 10 வீதம், செஸ் இல்லை எண்டு வையுங்கோ. அடிப்படை 10 + 1 + 2 + 1 = 14 இலட்சம். வற் 252,000. மென்பொருளை அதின்ர பாட்டுக்கு விட்டால் 180,000 எண்டு காட்டும். எஸ்.எஸ்.சி.எல். (சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி) வேற, அதுக்கு வற் மாதிரி உள்ளீட்டுக் கழிவு (கட்டினதைக் கழிக்கிற வசதி) இல்லாதபடியால் சுங்கத்தில கட்டினது கிரயத்துக்குத்தான் போகும்.

அதால மென்பொருள் காட்ட வாறவரிட்ட கேக்க வேண்டியது இது: வற்றை வீதமா இல்லாமல் கஸ்டெக்கில உள்ள தொகையாவே பதிய ஏலுமா? இன்னொண்டு, அந்த வற்றுக்குரிய காசு சீனாக்காரனுக்குப் போறதில்லை, சுங்கத்துக்குப் போகுது. சப்ளையர் பில்லுக்குள்ளயே வற்றை ஏத்தினால் கடன்கொடுத்தோர் மீதி பிழைக்கும். சுங்கத்தைத் தனி சப்ளையராத் திறந்து, கஸ்டெக்கை அவையின்ர பில்லாப் பதியுங்கோ. வற் தொகையைத் தனியாப் போட விடாத மென்பொருளில ஒரு வழி இருக்கு: வற் குறியீட்டோட +1,400,000 ஒரு வரி, குறியீடு இல்லாமல் −1,400,000 அடுத்த வரி. ரெண்டும் அடிபட்டு 252,000 மட்டும் மிஞ்சும், வற் அறிக்கையிலயும் அடிப்படையோட வரும்.

கஸ்டெக் இலக்கம், திகதி, சுங்க அலுவலகம் மூண்டுக்கும் அந்தப் பதிவில இடம் வேணும். இறைவரித் திணைக்களத்துக்குப் போடுற இறக்குமதி அட்டவணையில அதுகளைத்தான் கேப்பினம். இறக்குமதி வற்றைக் கழிக்கக் கஸ்டெக் திகதியிலயிருந்து 24 மாதம் இருக்கு, உள்ளூர் வரிப் பட்டியலுக்கு 12 மாதம். திகதி பதிவில இல்லாட்டி எது காலாவதியாகப் போகுது எண்டு தெரியாது.

நிறுவுனர்_கொக்குவில்:

மேலே சொன்னதை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குயிக்புக்ஸ் ஒன்லைன்: பில், கடன் வசூல், வங்கி ஒப்பீடு நன்று. தொக்கு வசதி பிளஸ் பொதியிலிருந்துதான் கிடைக்கும். இறக்குமதிச் செலவைச் சாமானுக்குப் பிரிக்கிற தனி வசதி பிளஸ் பொதியில் இல்லை. எக்ஸெல்லில் பிரித்துவிட்டு விலையைக் கையால் ஏற்ற வேண்டி வரும், அல்லது இன்னொரு மென்பொருளை இணைக்க வேண்டும். பல நாணய வசதியை ஒருமுறை திறந்தால் மூட முடியாது, உள்நாட்டு நாணயத்தையும் பிறகு மாற்ற முடியாது. ஆரம்பத்திலேயே இலங்கை ரூபாய் என்று வைத்தீர்களா என்று இரண்டுதரம் பாருங்கள்.

டேலி: கணக்காளர்மாருக்குக் கைவந்தது. சில்வர் உரிமம் ஒரு கணினிக்கு, கோல்ட் உரிமம் வலையமைப்பில் பலருக்கு. உங்களுக்குக் கோல்ட் தேவை. இணையம் அறுந்தாலும் கடை ஓடும். கொள்வனவுப் பதிவில் மேலதிகச் செலவை ஏற்றலாம், ஆனால் எண்ணிக்கைப்படி அல்லது பெறுமதிப்படி மட்டும். கன அளவுக்கு நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்: திறந்த மூலம், உரிமக் கட்டணம் இல்லை. இறங்கு கிரயத்துக்கு (சாமான் களஞ்சியம் வந்து சேரும் வரையான மொத்தக் கிரயம்) தனி வவுச்சர் உண்டு. பிரிப்பு எண்ணிக்கை, தொகை, அல்லது கையால். கையால் என்பதில் தீர்வையையும் கன அளவையும் சரியாகப் போடலாம். 40 வரிச் சரக்கென்றால் ஒரு பின்னேரம் போகும். சேவரைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

ஒடூ: எண்ணிக்கை, கிரயம், நிறை, கன அளவு, சமமாக என ஐந்து முறையிலும் பிரிக்கும், செலவு வரிக்கு ஒரு முறை வைக்கலாம். உங்கள் சாமானுக்கு இதுதான் பொருந்துகிறது. ஆனால் முழுக் கணக்கியல் பகுதி கட்டணப் பதிப்பில்தான். சாமான் வகையின் கிரய முறையை நிறையளித்த சராசரி அல்லது முதல் வந்தது முதல் போவது என்று வைத்தால்தான் இறங்கு கிரயம் ஏறும். இதைத் தொக்கு ஏற்ற முன்னம் வைக்க வேண்டும். 640 சாமானுக்கும் பெட்டியின் கன அளவைப் பதியாவிட்டால் கன அளவுப் பிரிப்பு வேலை செய்யாது. பொதிப் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, பதிய ஆள்தான் வேண்டும்.

சோஹோ புக்ஸிலும் இறங்கு கிரய வசதி உண்டு, விலையும் பாரமில்லை. நீங்கள் எடுக்கிற பொதியில் அது அடங்குகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

என் தெரிவு: வருசம் 9 கொன்ரெயினரும் ஏறுமுகமும் என்றால் ஒடூ. நிறுவுகிறவரைப் பிடிக்க முடியாவிட்டால், டேலி கோல்டும் ஒழுங்கான ஒரு பிரிப்புத் தாளும்.

சுன்னாகம்_யாவாரி:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். ஏஜென்ற் பில்லும் லொறி பில்லும் 3 கிழமை பிந்தி வரும். அதுக்குள்ள பாதிச் சாமான் வித்துப் போடும். அடுத்தது டொலர் விகிதம்: முற்பணம் 30 வீதம் ஒரு விகிதத்தில, மிச்சம் இன்னொண்டில, சுங்கம் போடுறது வேறொண்டில. எதை எடுக்கிறது?

ஐந்தொகை:

முதலாவதுக்கு அட்டுறு கணக்கு, அதாவது பில் வர முதலே செலவை மதிப்பிட்டுப் பதிவது. சரக்கு களஞ்சியத்துக்கு வந்த அன்றே ஏஜென்ட் கூலி, லொறி, டிலிவரி ஓடர் எல்லாவற்றையும் மதிப்பிட்டுக் கிரயத்தில் ஏற்றி, மறுபக்கத்தை 'இறக்குமதிச் செலவு அட்டுறு' என்ற கணக்கில் வையுங்கள். உண்மையான பில் வந்ததும் அந்தக் கணக்கில் கழியுங்கள். மிஞ்சுகிற சின்ன வித்தியாசம் விற்பனைக் கிரயத்துக்குப் போகட்டும். 9 கொன்ரெயினர் அனுபவத்தில் மதிப்பீடு ஓரளவு கிட்டத்தான் வரும். ஒடூவில் பிந்திய செலவைப் பிறகு ஏற்றினாலும் விற்றுப்போன பங்கை அதுவே விற்பனைக் கிரயத்துக்கு அனுப்பிவிடும். டேலியில் பழைய கொள்வனவுப் பதிவைத் திறந்து திருத்த வேண்டிவரும்; வற் அறிக்கை போட்ட மாதத்தின் எண்கள் சத்தமில்லாமல் மாறும். அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது. அதே 16,000 டொலர்ச் சரக்கு. முற்பணம் 4,800 டொலர், கட்டிய அன்று வங்கி விகிதம் 298. சாமான் கப்பலேறிய அன்று 301. மிச்சம் 11,200 டொலரைக் கட்டிய அன்று 303. தொக்குக்குப் போவது 4,800 × 298 = 1,430,400, அதோடு 11,200 × 301 = 3,371,200. மொத்தம் 4,801,600 ரூபாய். கட்டும்போது கூடிய 22,400 ரூபாய் நாணயமாற்று நட்டம். அதைச் சாமான் விலையில் ஏற்றக் கூடாது. முற்பணத்தை மீள்மதிப்பிடுவதும் இல்லை. சுங்கம் கிழமைக்குக் கிழமை வெளியிடுகிற விகிதம் தீர்வையும் வரியும் கணிக்க மட்டும்; உங்கள் பேரேட்டில் அதற்கு இடமில்லை.

விலை எஃப்.ஓ.பி. (கப்பல் கூலி சேராதது) என்றாலும் சி.ஐ.எஃப். என்றாலும் கப்பலேறியதோடு ஆபத்துப் பொறுப்பு உங்களுடையது. மார்ச் 31 அன்று நடுக்கடலில் நிற்கிற கொன்ரெயினரும் உங்கள் ஐந்தொகையில் வரவேண்டும். 'வழியிலுள்ள சரக்கு' என்று தனிக் களஞ்சியம் திறக்க விடுகிற மென்பொருளாகப் பாருங்கள்.

நிறுவுனர்_கொக்குவில்:

காசு கட்ட முன்னம் ஒரு பரீட்சை வையுங்கள். கணக்கு முடிந்த ஒரு பழைய கொன்ரெயினரின் கோப்பை எடுங்கள்: இன்வொயிஸ், பொதிப் பட்டியல், பி.எல். (கப்பல் சரக்குச் சீட்டு), கஸ்டெக், ஏஜென்ட் பில், டிலிவரி ஓடர், லொறி பில், வங்கி அறிவித்தல்கள். விற்க வருகிறவரிடம் கொடுத்து உங்கள் கண்முன்னால் பதியச் சொல்லுங்கள். முடிவில் ஒரு பம்பின் கிரயம் உங்கள் கைக்கணக்கோடு ஒரு ரூபாய்க்குள் வரவேண்டும். மாதிரித் தரவோடு காட்டுகிற வர்ணப் படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 1இல் தொடங்குங்கள். பழைய பில்களை இழுத்து வர வேண்டாம். எண்ணிப் பார்த்த தொக்கு, சாமானுக்குச் சாமான் கிரயத்தோடு. கடைக்காரர் மீதி, பில் இலக்கத்தோடு. வெளிநாட்டு சப்ளையர் மீதி டொலரில். இவ்வளவும் போதும். ஒரு மாதம் எக்ஸெல்லும் கூட ஓடட்டும்.

வற் அறிக்கை போட்டதும் அந்தக் காலத்தைப் பூட்டுங்கள். பில் அடிப்பவர்களுக்குக் கிரயம் தெரியாதபடி அனுமதியை வையுங்கள். கணக்கின் உரிமையாளர் மின்னஞ்சல் கொம்பனியுடையதாக இருக்கட்டும், நிறுவித் தந்தவருடையதாக அல்ல.

சாமான் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு) அடித்த எக்ஸெல்லை அப்படியே ஏற்றினால் 'பம்பு' என்று தேடக் கிடைக்காது, பில்லிலும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டு, மாற்றத்தில் எழுத்துகள் ஏதும் குழம்பினவா என்று 640 வரியையும் ஒருதரம் கண்ணால் பாருங்கள்.