கன்னி நாய்க்கு உண்ணி: குளிப்பாட்டினாலும் பத்து நாள்ல திரும்ப வருது, என்ன செய்யணும்?

ஆலங்குளத்தான்:
வணக்கம். வீட்டுல கன்னி (நம்ம பக்கத்து வேட்டை நாய் இனம்) பொட்டை நாய், ரெண்டு வயசு, 14 கிலோ. பகல்ல பின்னால ஓலைக் கொட்டகையில கட்டிப் போடுவோம், ராத்திரி அவுத்து விட்டுருவோம். ஒட்டினாப்புல ஆட்டுத் தொழு. காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில எல்லாம் உண்ணி. பியூட்டாக்ஸ் (டெல்டாமெத்ரின் உண்ணி மருந்து) கலந்து குளிப்பாட்டினா செத்து உதிருது. பத்து நாள் போனா பழையபடி அப்பிக்கிடுது. பொழுது சாஞ்சா சுவர்ல வரிசையா மேல ஏறுறது கண்ணுக்கே தெரியுது. தவழுற பிள்ளை வேற வீட்டுல இருக்கு. ஆட்டுல இருந்துதான் வருதா? மருந்து அளவைக் கூட்டணுமா, இல்ல மாத்திரைக்குப் போகலாமா? கொஞ்ச நாளைக்கு நாயைத் தோட்டத்துக்கு மாத்திரலாமான்னும் ஒரு யோசனை.

கரிசக்காட்டான்:
தம்பி, அளவைக் கூட்டாதீங்க. நாய் மேல நீங்க பார்க்கிறது மொத்த உண்ணியில கொஞ்சம்தான். மிச்சம் பூரா சுவர் வெடிப்புலயும் கொட்டகைக் கூரையிலயும் கெடக்கு, அங்க மருந்து போகவே இல்ல.

இந்தப் பழுப்பு நாய் உண்ணி வாழ்நாள்ல மூணு தடவை நாய் மேல ஏறும், மூணு தடவை கீழ இறங்கும். முட்டையில இருந்து வர்ற பொடி உண்ணிக்கு ஆறு கால். ஏறி ரத்தம் குடிச்சிட்டு இறங்கி, எங்கயாவது இடுக்குல ஒளிஞ்சு தோல் உரிச்சு எட்டுக் காலோட வரும். மறுபடி ஏறும், இறங்கும், உரிக்கும். அப்புறம்தான் பெரிய உண்ணி. பெண் உண்ணி ஆமணக்கங்கொட்டை மாதிரி ஊதினதும் தானா விழுந்து, வெடிப்புக்குள்ள போயி ஆயிரக்கணக்குல முட்டையிட்டுட்டுச் செத்துரும். நம்ம ஊரு வெயிலுக்கு இந்தச் சுத்து ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சிரும். நீங்க குளிப்பாட்டுற அன்னைக்கு மேல இருக்கிறது மட்டும் சாகுது. வெடிப்புல தோல் உரிச்சிட்டு இருந்தது அடுத்த வாரம் பசியோட வருது. அதான் உங்க பத்து நாள் கணக்கு.

ஆட்டுல ஏறுறது பெரும்பாலும் வேற வகை உண்ணி. இதுக்கு நாய் ரத்தம்தான் முதல்ல வேணும். ஆனா தொழுவுச் சுவர் ஒட்டி இருக்கிறதால ஒளியுற இடம் அங்கயும் உண்டு, அதனால ரெண்டையும் சேர்த்தே செய்யணும்.

செய்முறை: முதல்ல நாய் படுக்குற சாக்கு, பழைய துணி எல்லாத்தையும் எரிச்சிருங்க. வேணும்கிற துணியைக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுங்க. சுவர் வெடிப்பு, கல் இடுக்கு, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவுல உள்ள சந்து, எல்லாத்தையும் சிமெண்டோ சுண்ணாம்புச் சாந்தோ வச்சு அடைங்க. கெட்டியா வெள்ளையடிச்சா சின்ன வெடிப்பெல்லாம் மூடிக்கிடும், பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடைக்கிறதுக்கு முந்தின நாள் மருந்து அடிச்சிரணும்.

கைத்தெளிப்பான்ல 5 லிட்டர் தண்ணிக்கு 10 மி.லி. டெல்டாமெத்ரின் (நீங்க சொல்ற அதே 1.25 சதவீத மருந்துதான், லேபிளையும் ஒரு தடவை பார்த்துக்கிடுங்க). தரையில மட்டும் அடிச்சா வீண். பசிச்ச உண்ணி மேல பார்த்துத்தான் ஏறும், அதனால சுவர் உச்சி, கூரை வாரி, ஓலை அடுக்கு, கயத்துக்கட்டில் இருந்தா அதோட கால் சந்து, இங்கெல்லாம் சொட்டச் சொட்ட நனையணும். முட்டையில மருந்து ஏறாது. அதனால 15 நாளைக்கு ஒரு தடவை, குறைஞ்சது மூணு மாசம் விடாம அடிக்கணும். ரெண்டு தடவை அடிச்சிட்டு "குறைஞ்சிருச்சி"ன்னு விடுற இடத்துலதான் எல்லாரும் தோத்துப் போறாங்க.

அடிக்கும்போது கையுறை, மூக்குக்குத் துணி. ஆடு, பிள்ளை, கோழி யாரும் காயுற வரைக்கும் அங்க வரக்கூடாது. தண்ணித் தொட்டியையும் தீவனத்தையும் மூடி வைங்க. மிச்ச மருந்தை வாய்க்கால்லயோ குளத்துலயோ ஊத்திராதீங்க, மீன் செத்து மிதக்கும்.

பாளை அக்கா:
கரிசக்காட்டான் அண்ணாச்சி சொன்ன இடம்தான் வேர். நாய் மேல செய்ய வேண்டியதை நான் சொல்றேன்.

குளிப்பாட்டு மருந்துன்னா லிட்டருக்கு 2 மி.லி., அதுக்கு மேல வேண்டாம். முதல்ல சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, அப்புறம் மருந்துத் தண்ணியை ஊத்தணும். மேல நல்ல தண்ணி ஊத்திக் கழுவக்கூடாது. நிழல்ல காய விடுங்க, காயுற வரைக்கும் நக்காம ஒரு ஆள் கூடவே இருக்கணும். காதுக்குள்ளயும் விரல் இடுக்குலயும் துணியில நனைச்சுத் தடவணும், ஊத்தினா அங்க போகாது. நடுக்கமோ வாயில நுரையோ வந்தா உடனே சோப்புத் தண்ணியில அலசிட்டு டாக்டர்ட்ட போகணும். சின்னக் குட்டிகளுக்கு இது ஆகவே ஆகாது. வீட்டுல பூனை இருந்தா அது பக்கத்துல வராமப் பார்த்துக்கிடுங்க, இந்த வகை மருந்து பூனையைக் கொன்னே போட்டுரும்.

என்னைக் கேட்டா இவ்வளவு பெருகிட்ட வீட்டுக்கு மாத்திரைதான் சரி. புளுராலனர்ங்கிற உண்ணியைக் கொல்ற மாத்திரை ஒண்ணு 12 வாரம் வேலை செய்யும். 10 முதல் 20 கிலோ நாய்க்கு 500 மி.கி. மாத்திரை. உடைக்காம முழுசா, சோத்தோட சேர்த்துக் கொடுக்கணும், வெறும் வயித்துல கொடுத்தா சரியா ஏறாது. வலிப்பு வந்த நாயா இருந்தா முதல்லயே டாக்டர்ட்ட சொல்லிருங்க. உண்ணி கடிச்ச பிறகுதான் இந்த மாத்திரையால சாகும். அதனால போட்ட பிறகும் மேல ஒண்ணு ரெண்டு தெரியும், பயப்பட வேண்டாம்.

இன்னொண்ணு, நாயைத் தோட்டத்துக்கு மாத்திராதீங்க. உண்ணி மாசக்கணக்குல பட்டினி கிடந்து காத்திருக்கும், நாய் கிடைக்கலைன்னா மனுசன் மேல ஏறப் பார்க்கும். மாத்திரை போட்ட நாய் அதே கொட்டகையிலயே படுத்தா, ஏறுற உண்ணி எல்லாம் கடிச்சுச் செத்துக்கிட்டே வரும்லா.

கையால எடுக்கணும்னா முள்வாங்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, திருகாதீங்க. விரலால நசுக்காம சோப்புத் தண்ணியில போடுங்க.

தேரிக்காடு:
மண்ணெண்ணெய் தடவச் சொல்லி யாராவது வருவாங்க, கேட்காதீங்க. தோல் வெந்துரும், நக்கினா நுரையீரலுக்கே போயிரும். கற்பூரம் கலந்த எண்ணெயும் அப்படித்தான், உள்ள போனா விஷம். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை நாய் மேல ஊத்துறதும் நம்ம பக்கம் நடக்கு. எச்சி வடிஞ்சு, கண்ணு பாவை சுருங்கி, உடம்பு உதறி, நாய் செத்துரும்.

ஆலங்குளத்தான்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. வெள்ளையடிக்க ஆள் சொல்லியாச்சு. இப்போ வேற கவலை. நேத்துல இருந்து நாய் சுருண்டே கெடக்கு, கஞ்சியைக் கூட மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிடுது. உடம்பு கொதிக்கி. ஈறு வெளுத்த மாதிரி இருக்கு, மூக்குல லேசா ரத்தம். பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

தாமிரபரணி:
கொடுக்கவே கூடாது. நீங்க சொல்ற எல்லா அறிகுறியும் உண்ணிக் காய்ச்சலைத்தான் காட்டுது, இன்னைக்கே கிளம்புங்க. பாராசிட்டமால் நாயோட ஈரலைக் கெடுக்கும். இபுபுரூபன், டைக்குளோபினாக் அதை விட மோசம், குடல்ல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். மூக்குல ரத்தம் வருதுன்னா ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் ஏற்கெனவே இறங்கியிருக்கலாம், அந்த நேரத்துல இந்த மாத்திரைகள் உயிருக்கே உலை.

உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா கேனிஸ்ங்கிற கிருமி ரத்தத்துல ஏறி, ஒண்ணுல இருந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் காட்டும். வயித்துத் தோல்லயும் ஈறுலயும் சிவப்புப் புள்ளி இருக்கான்னு பாருங்க. மூத்திரம் காப்பி நிறத்துல போனா உண்ணியால வர்ற பேபிசியாங்கிற இன்னொரு கிருமியா இருக்கலாம், அதுக்கு மருந்து வேற. நாயோட சாதாரண சூடே நம்ம சூட்டை விடக் கூட, 100.5 முதல் 102.5 டிகிரி வரை, அதனால தொட்டுப் பார்த்து முடிவு பண்ண முடியாது.

பக்கத்துல உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்க. அங்க ரத்தப் பரிசோதனைக்கு வழி இல்லைன்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பிளேட்லெட் எண்ணிக்கை, அதோட காது நுனியில இருந்து எடுத்த ரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டுல தடவி மைக்ராஸ்கோப்புல பார்க்கிறது). சாதாரணமா ஒரு மைக்ரோலிட்டருக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல பிளேட்லெட் இருக்கணும். ரத்தம் கசியுறதை முதல்லயே டாக்டர்ட்ட சொல்லிருங்க, தசையில ஊசி போட்டா அங்க ரத்தம் கட்டிரும்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பாங்க, வழக்கமா கிலோவுக்கு 10 மி.கி. கணக்குல தினமும், 28 நாள். அளவை டாக்டரே முடிவு பண்ணட்டும். ஏதாவது சாப்பாட்டோட கொடுத்து, பின்னாலயே தண்ணி குடிக்க வைக்கணும். மாத்திரை தொண்டைக்குழியில ஒட்டினா அங்க புண்ணாயிரும். பாலோட வேண்டாம். ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விட்டு வாலாட்டும், அப்போ நிறுத்திராதீங்க. கிருமி உள்ளேயே தங்கி, மாசங்கள் கழிச்சு எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துத் திரும்ப வந்தா மீட்கிறது கஷ்டம். கருத்தடை ஆபரேஷன் எதுவும் பேசி வச்சிருந்தா பிளேட்லெட் ஏறின பிறகு பார்க்கலாம்.

போற வழியில மூக்குல ரத்தம் கூடினா மூக்குத் தண்டு மேல குளிர்ந்த ஈரத்துணி வைங்க, ஓட விடாம அமைதியாக் கூட்டிட்டுப் போங்க. வாயைத் திறந்து கஞ்சி ஊத்தாதீங்க, புரை ஏறிரும்.

பிள்ளையைப் பத்தி: நாய்ட்ட இருந்து இந்தக் காய்ச்சல் நேரா ஒட்டாது. ஆனா உண்ணி பிள்ளையைக் கடிச்சிருந்து, காய்ச்சலோட உடம்புல சிவப்புத் தடிப்பு வந்தா, வீட்டுல உண்ணி இருக்குன்னு குழந்தை டாக்டர்ட்ட கண்டிப்பாச் சொல்லணும். உண்ணியால வர்ற புள்ளிக் காய்ச்சல்னு ஒண்ணு மனுசனுக்கும் உண்டு.

தேரிக்காடு:
தெருவுல சோறு வைக்கிற நாய் ஏதாவது இருந்தா அதையும் கணக்குல சேர்த்துக்கிடுங்க தம்பி. அது உங்க வாசல்ல படுத்து எந்திரிச்சாலே அங்ஙன உண்ணி இறங்கும். விரட்டினா அடுத்த தெருவுல போய்ப் பெருக்கும். எடையைக் குத்துமதிப்பாப் பார்த்து டாக்டர்ட்ட சொல்லி மாத்திரை வாங்கி, கருவாட்டுச் சோத்துக்குள்ள வச்சுக் கொடுத்து, முழுங்குற வரைக்கும் நின்னு பாருங்க. ராத்திரி உங்க நாயை அவுத்து விடும்போது அதுகளோடதான் சுத்திட்டு வரும், அதுகளுக்கும் மருந்து போனாத்தான் உங்க கொட்டகை சுத்தமா இருக்கும்.