முன்பக்கம் நொறுங்கியும் ஏர்பேக் திறக்கவில்லை: வண்டியை ஷோரூமுக்கு அனுப்பலாமா?

காவிரிக்கரை:

வணக்கம். அவசரமாக ஒரு வழி தெரிய வேண்டும்.

போன வாரம் அப்பா தனியாக விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தார். தொழுதூர் தாண்டியதும் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு லோடு லாரி திடீரென மெயின் ரோட்டில் ஏறிவிட்டது. அதன் பின்மூலையில் எங்கள் கார் மோதியது. பானெட் மடிந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அப்பா பெல்ட் போட்டிருந்தார். ஏர்பேக் மட்டும் திறக்கவில்லை. ஸ்டியரிங்கில் மோதி நெஞ்செலும்பில் விரிசல், மேல்வரிசையில் மூன்று பற்கள் போய்விட்டன. கஞ்சியை ஸ்ட்ரா வைத்துத்தான் குடிக்கிறார்.

2020 இல் புதிதாக வாங்கிய வண்டி. ஆன்ரோடு 6 லட்சத்து 40 ஆயிரம். ஓட்டுநர் பக்கம் மட்டும் ஏர்பேக் உள்ள மாடல். ஆர்.சி. என் பெயரில். வண்டி இன்னும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. நாளை மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்ததும் ஷோரூமிலிருந்து ரெக்கவரி வண்டி அனுப்புவதாகச் சொல்கிறார்கள். வண்டியைப் பிரித்துப் பார்க்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். அங்கே இருக்கும் என்ஜினியர் வாட்ஸப்பில் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அடி ஏர்பேக் திறக்கிற அளவுக்கு இல்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது" என்றார்.

அவர் சொல்வது சரியா? கையெழுத்துப் போடலாமா? வழக்குப் போட முடியுமா?

ஸ்கேனர் மணி:

தம்பி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். பதினான்கு வருடமாக ஏர்பேக் பழுது பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முன்பக்க ஏர்பேக் எல்லா மோதலுக்கும் திறக்காது என்பது உண்மைதான். பக்கவாட்டில் அடி, பின்னால் அடி, உருண்டு விழுவது, இதற்கெல்லாம் அது திறக்க வேண்டியதில்லை. மோதிய வேகத்தை விட, வண்டி எவ்வளவு சட்டென்று நின்றது என்பதுதான் கணக்கு. உயரமான லாரிக்கு அடியில் கார் புகுந்துவிட்டால் பானெட் அப்பளமாக நொறுங்கும், ஆனால் கீழே இருக்கும் கெட்டியான சட்டத்தில் அடியே விழுந்திருக்காது. அப்படிப்பட்ட வண்டியில் ஏர்பேக் திறக்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் போட்டோவை வைத்துக்கொண்டு நானும் முடிவு சொல்ல மாட்டேன், அந்த என்ஜினியரும் சொல்லியிருக்கக் கூடாது.

ஸ்டேஷனில் அனுமதி கேட்டு, எதையும் தொடாமல் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்பு மடங்கியிருக்கிறதா? ரேடியேட்டர் பின்னால் தள்ளி என்ஜினைத் தொடுகிறதா? அப்புறம் முக்கியமானது, ஓட்டுநர் பெல்ட். உங்கள் மாடலில் பிரிடென்ஷனர் இருந்தால், மோதும் நொடியில் சின்ன வெடிமருந்து வெடித்து பெல்ட்டை இறுக்கும். வெடித்த பெல்ட் பழையபடி உள்ளே சுருண்டு போகாது, விறைத்துத் தொங்கும்.

சாவியைப் போட்டு ஆன் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். யாரும் ஸ்கேனர் மாட்டவும் விடாதீர்கள், உள்ளே பதிந்திருக்கும் சாட்சி அழிந்துவிடலாம்.

நெல்லை பாண்டி:

நெடுஞ்சாலை விபத்து என்றால் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) போடுங்கள் நண்பரே. ஏர்பேக்குக்கும் சேர்த்து அதிலேயே கேட்டுவிடலாம்.

வழக்கறிஞர் கயல்:

பாண்டி சார், அது தனி, இது தனி. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்பது லாரி உரிமையாளரிடமும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமும். அதையும் கட்டாயம் போட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்போது 6 மாதக் கெடு சேர்த்திருக்கிறார்கள், தள்ளிப்போடாதீர்கள். ஏர்பேக் விஷயம் கார் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மீது. அதற்கு இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

காவிரிக்கரை, "அடி போதவில்லை" என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 2015 இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா 2017 நவம்பரில் டெல்லி பானிபட் நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கியது. ஏர்பேக் திறக்கவில்லை. ஓட்டியவருக்குத் தலையிலும் நெஞ்சிலும் பற்களிலும் காயம். அந்த வழக்கில் 2022 ஏப்ரல் 20 அன்று தீர்ப்பு வந்தது. வேகம், விசை என்று கணக்குப் போட்டுப் பார்க்க வண்டி வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை, முன்பக்கம் மோதினால் ஏர்பேக் திறக்கும் என்றுதான் சாதாரண மனிதர் நம்பி வாங்குவார் என்று நீதிமன்றம் சொன்னது. வண்டியை மாற்றித் தர வேண்டும், மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50 ஆயிரம், வழக்குச் செலவுக்கு 50 ஆயிரம் என்ற உத்தரவு நிலைத்தது.

ஆனால் உங்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த கிரெட்டா வாங்கி இரண்டே வருடம் ஆன வண்டி. உங்களுடையது அதைவிடப் பழையது. தயாரிப்பிலேயே குறை என்று நிறுவுவது உங்களுக்கு இன்னும் கடினம். வண்டியின் சர்வீஸ் வரலாறு என்ன? எங்கே விட்டீர்கள், ஏர்பேக் லைட் எப்போதாவது எரிந்ததா?

காவிரிக்கரை:

மணி அண்ணா, மதியம் போய்ப் பார்த்தேன். ஏட்டு ஐயா கூடவே நின்றார். பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்பு வலது பக்கம் வில் மாதிரி வளைந்திருக்கிறது. ரேடியேட்டர் என்ஜினோடு ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் பெல்ட் நீங்கள் சொன்னபடியே விறைத்துத் தொங்குகிறது. பக்கத்து சீட் பெல்ட்டை இழுத்துவிட்டால் சுருண்டு உள்ளே போகிறது. வீடியோ எடுத்துவிட்டேன்.

கயல் மேடம், நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு நினைவே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஏர்பேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஹாரனும் சில நேரம் அடிக்கவில்லை. கம்பெனி சர்வீஸில்தான் விட்டேன். டேஷ்போர்டு டிராயரில் பழைய இன்சூரன்ஸ் தாளுக்கு அடியில் அந்த சர்வீஸின் ஜாப் கார்டு (வேலைக் குறிப்புத் தாள்) கிடைத்தது. "ஏர்பேக் லைட் எரிகிறது" என்று என் புகார், அதற்கு எதிரே "ஸ்கேன் செய்து கோடு அழிக்கப்பட்டது" (வண்டிக் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுக் குறியீடு) என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாகம் எதுவும் மாற்றவில்லை. 590 ரூபாய் வாங்கினார்கள். லைட் அணைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்து வந்தேன். அப்பாவிடம் சாவியைக் கொடுத்தது நான்தான். இதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்கேனர் மணி:

தம்பி, லைட் எரிந்ததும் கம்பெனியிலேயே விட்டீர்கள். வண்டி வைத்திருப்பவர் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது எனக்கு ஓரளவு தெரிகிறது. ஸ்டியரிங்குக்குள் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு. ரிப்பன் மாதிரி சுருட்டிய மெல்லிய வயர். ஸ்டியரிங் சுற்றும்போதும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் போவது அதன் வழியாகத்தான். அது விட்டுவிட்டு அறுந்தால் ஹாரன் படுத்தும், ஏர்பேக் லைட் எரியும். பழுதுக் குறியீட்டை அழித்தால் லைட் அணையும், அறுந்த வயர் அறுந்தபடியேதான் இருக்கும். லைட்டும் ஹாரனும் சேர்ந்து படுத்தினால் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது அதைத்தான்.

பெல்ட் வெடித்திருப்பதைக் கவனியுங்கள். கியர் லிவருக்குக் கீழே இருக்கும் ஏர்பேக் கம்ப்யூட்டர், மோதல் பெரியது என்று உணர்ந்துதான் பெல்ட்டுக்கு உத்தரவு கொடுத்திருக்கிறது. சில வண்டிகளில் பெல்ட் கொஞ்சம் சின்ன அடிக்கே வெடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் "அடி போதவில்லை" என்று அவ்வளவு சுலபமாக இனிச் சொல்ல முடியாது.

வழக்கறிஞர் கயல்:

இந்த ஜாப் கார்டு உங்கள் வழக்கின் போக்கையே மாற்றுகிறது. இன்றைக்கே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள், அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள் பொருளால் வரும் பாதிப்புக்கான பொறுப்பைப் பற்றியவை. 84 தயாரிப்பாளருக்கு, 85 சர்வீஸ் செய்தவருக்கு, 86 விற்றவருக்கு. உங்களுக்கு உறுதியான பிடி 85. லைட் எரிகிறது என்று கொண்டுவந்த வண்டியில் காரணத்தைத் தேடாமல் பழுதுக் குறியீட்டை மட்டும் அழித்து அனுப்பியது குறையுள்ள சேவை. வாரண்டி முடிந்தது என்பது அதற்குப் பதில் ஆகாது. தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். நீங்கள் வாங்கியவர், அப்பா உங்கள் சம்மதத்தோடு ஓட்டியவர், இருவருமே மனுதாரர்களாக இருக்கலாம்.

முன்னால் கிராஷ் கார்டு, புல் பார் ஏதாவது மாட்டியிருந்தீர்களா? மாற்றம் செய்த பொருள் என்று 87 ஐக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இல்லையென்றால் நிம்மதி.

பிரேக் இன்ஸ்பெக்டர் வரும்போது நீங்கள் அங்கே இருங்கள். ஏர்பேக் திறக்கவில்லை, பெல்ட் இறுகியிருக்கிறது என்பதை அறிக்கையில் குறிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்ட ஆணையம் இதே மாதிரி வழக்கில் காரின் விலை 4,35,854 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னது. அங்கே மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதிய அறிக்கைதான் வழக்கைத் தாங்கியது. மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டு நகல்), பல் மருத்துவரிடம் தனிச் சான்றிதழும் வாங்குங்கள்.

காப்பீட்டு நிறுவனம் டோட்டல் லாஸ் (முழுச் சேதம்) என்று முடித்தால் வண்டி ஸ்கிராப் வியாபாரியிடம் போய்விடும், சாட்சியும் அதோடு போய்விடும். ஏர்பேக் சம்பந்தமாக வழக்குப் போடப்போகிறோம், வண்டியை விற்கவோ பிரிக்கவோ வேண்டாம் என்று சர்வேயருக்கும் நிறுவனத்துக்கும் இப்போதே கடிதம் கொடுங்கள். வண்டியை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். 2 வருடம் அவகாசம். வாங்கிய விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் 200 ரூபாய்தான்.

காவிரிக்கரை (மூன்று நாள் கழித்து):

புல் பார் எதுவும் மாட்டவில்லை மேடம்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். ஹாரனும் பிரேக்கும் பார்த்துவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். பெல்ட்டை அவரே இழுத்துப் பார்த்தார். "ஓட்டுநர் ஏர்பேக் விரியவில்லை, இருக்கைப் பட்டை இறுகிய நிலையில்" என்று எழுதினார். நகலுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

ரெக்கவரி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சமயபுரத்தில் மாமாவின் நெல் குடோனில் காரை நிறுத்தி தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்தாயிற்று. ஷோரூம், தயாரிப்பாளர், காப்பீட்டு நிறுவனம் மூவருக்கும் பதிவுத் தபால் போய்விட்டது. என் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டுதான் ஸ்கேன் செய்யலாம் என்று எழுதியிருக்கிறேன். ஷோரூமிலிருந்து நேற்று இரண்டு முறை போன் வந்தது. எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்குப் பல் மருத்துவர். சான்றிதழில் என்னென்ன வார்த்தைகள் இருக்க வேண்டும் மேடம்?

வழக்கறிஞர் கயல்:

விபத்து தேதி, எந்தப் பற்கள், எந்த மாதிரி அடியால் போயின, இனி ஆகப்போகும் சிகிச்சையும் அதன் மதிப்பீடும். "ஸ்டியரிங்கில் மோதியதால்" என்று அப்பா சொன்னதை மருத்துவர் நோயாளி கூற்றாகவே பதியட்டும். மனு எழுதும்போது ஜாப் கார்டை முதல் ஆவணமாக வையுங்கள்.