ஆந்த்ரோகான் மாநாட்டில் இரவல் விலங்குடை: அணிந்தால் சுபாவம் மாறுமா?

கேள்வி: பிட்ஸ்பர்க்வாசி

பிட்ஸ்பர்க் நகரின் டேவிட் லாரன்ஸ் மாநாட்டு மையத்தில் ஜூலை முதல் வாரத்தை ஒட்டி நடைபெறும் ஆந்த்ரோகான் மாநாட்டை நண்பர்கள் சிலர் அறிந்திருக்கலாம். மனிதரைப் போல இரு காலில் நடந்து பேசும் விலங்குப் பாத்திரங்களை நேசிக்கும் ஃபர்ரி ரசிகர்கள் கூடும் மாநாடு இது. 1997இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தொடங்கி, 2006 முதல் இந்நகரிலேயே நடந்துவருகிறது. அண்மைய ஆண்டுகளில் வருகையாளர் எண்ணிக்கை 15,000ஐத் தாண்டியிருக்கிறது. அந்த நாட்களில் நரியும் ஓநாயும் டிராகனும் சாலையைக் கடக்கக் காத்து நிற்பது இவ்வூர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி.

என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் இம்மாநாட்டுக்குத் தவறாமல் செல்கிறவர். அலுவலகத்தில் யாராவது கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டார்; கூட்டங்களில் சுவரோரமாகவே அமர்வார். அவரே நரி உடைக்குள், ஃபர்சூட் என்று அவர்கள் சொல்லும் முழுநீள ரோம உடைக்குள் புகுந்ததும், முன்பின் தெரியாத குழந்தைகள் முன் மண்டியிட்டு விளையாட்டுக் காட்டுகிறார், நடுத்தெருவில் ஆடுகிறார், அறிமுகமற்றவர்களைக் கைதட்டி அழைக்கிறார். உள்ளே இருப்பவர் அவர்தான் என்று தெரிந்திருந்தும் என்னால் அதை நம்ப இயலவில்லை.

இவ்வாண்டு தம்மிடமுள்ள இன்னொரு உடையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது ஒரு கழுதைப்புலி. எல்லோரையும் சீண்டிக்கொண்டே இருக்கும் குறும்புக்காரப் பாத்திரம் என்று அவர் விளக்கினார். நானோ யாரையும் சீண்டிப் பழகாதவன். உடை உண்மையிலேயே மனிதரின் சுபாவத்தை மாற்றுகிறதா, அல்லது உள்ளே அடங்கிக் கிடப்பதை வெளியே விடுகிறதா? நான் அந்தக் கழுதைப்புலியை அணிந்தால் எனக்குள் என்ன நேரும்? அனுபவமோ படிப்போ உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: மனநூல் ஆசிரியை

நண்பரே, நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு விளைவுகள் கலந்திருக்கின்றன. முகம் மறைந்திருப்பதால் வரும் துணிவு ஒன்று. உடை எதைக் குறிக்கிறதோ அதன் பக்கம் நடத்தை சாய்வது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் கழுதைப்புலியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

முதலாவதற்கு நல்ல சான்று 1976இல் உளவியலாளர் எட் டீனரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. சியாட்டில் நகரில் ஹாலோவீன் இரவன்று மாறுவேடமிட்டு மிட்டாய் வாங்க வந்த 1,300க்கும் மேற்பட்ட சிறுவர்களை 27 வீடுகளில் மறைவாக இருந்து கவனித்தார்கள். பெயரும் விலாசமும் சொல்லவைக்கப்பட்ட பிள்ளைகளைக் காட்டிலும், அவ்வாறு கேட்கப்படாத பிள்ளைகள், அதிலும் கூட்டமாக வந்தவர்கள், அனுமதித்த அளவுக்கு மேல் மிட்டாயையோ அருகில் வைத்திருந்த காசையோ எடுத்துக்கொண்டது அதிகம். வேடம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நான் இன்னார் என்று இவர்களுக்குத் தெரியாது என்ற நினைப்புத்தான் வேறுபாட்டை உண்டாக்கியது.

இதை மட்டும் படித்தவர்கள் முகமூடி என்றாலே தீமை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியன்று என்பதை 1979இல் ஜான்சனும் டவுனிங்கும் காட்டினார்கள். அவர்கள் கல்லூரி மாணவியரில் ஒரு பகுதியினருக்குக் அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளானின் அங்கியை ஒத்த உடையையும் மற்றொரு பகுதியினருக்குச் செவிலியர் உடையையும் அணிவித்து, தவறாக விடை சொல்பவருக்குத் தரும் மின்னதிர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ அனுமதித்தார்கள்; அதிர்ச்சி உண்மையில் யாருக்கும் செலுத்தப்படவில்லை. அங்கி அணிந்தவர்கள் அளவைக் கூட்டும் பக்கம் சாய்ந்தார்கள். செவிலியர் உடையினர் குறைக்கும் பக்கம் சாய்ந்தார்கள். தாம் யாரென்பது மறைக்கப்பட்டபோது செவிலியர் உடையினர் அதை இன்னும் குறைத்தார்கள். அதாவது மறைவு ஒருவரைக் கெடுத்தேயாக வேண்டும் என்பதில்லை. அணிந்திருக்கும் உடை காட்டும் திசையில் அது அவரை மேலும் தள்ளிவிடக்கூடும். உங்கள் நண்பரின் நரி குழந்தைகளை மகிழ்விக்கும் நரியாக இருப்பதால்தான் அவருடைய மறைவு அன்பாக வெளிப்படுகிறது என்று நான் கருதுகிறேன்.

2012இல் ஆடமும் கலின்ஸ்கியும் வெளியிட்ட வெள்ளைக்கோட்டு ஆய்வையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். ஒரே கோட்டை மருத்துவருடையது என்று சொல்லி அணிவித்தபோது கவனம் கூடியது, ஓவியருடையது என்று சொன்னபோது கூடவில்லை என்பது அதன் ஒரு பகுதி. ஆனால் அதன் முதல் சோதனையை 2019இல் வேறொரு குழு அதிகப் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. ஆகவே அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற நான் விரும்பவில்லை. என் மனத்துக்கு நெருக்கமானது 2017இல் வெளிவந்த குழந்தைகள் ஆய்வு: நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைப் பத்து நிமிடம் கொடுத்து, பக்கத்திலேயே ஆசைகாட்டும் விளையாட்டையும் வைத்தார்கள். பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகவே தம்மை எண்ணிக்கொண்டு, அதற்குரிய ஓர் உடைப்பொருளையும் அணிந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நீண்ட நேரம் வேலையில் நிலைத்தார்கள்.

இவையெல்லாம் அந்தந்த நிமிடங்களின் நடத்தையைப் பற்றியவை. சுபாவம் என்று நாம் சொல்வது ஒரு நாள் உடையால் மாறிவிட்டதாக இவற்றில் எதுவும் காட்டவில்லை.

பதில்: பஞ்சும்நூலும்

மேலே அம்மையார் மனத்தின் பக்கத்தை நன்றாக விளக்கிவிட்டார். நான் விலங்குடைகள் தைப்பவன், அவற்றுக்குள் நின்று ஆடுபவனும்கூட. என் அனுபவத்தில் மாற்றம் முதலில் உடம்பில்தான் தொடங்குகிறது. மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது.

ஒரு ஃபர்சூட்டின் தலையை நுரைப்பஞ்சில் செதுக்கி, மேலே செயற்கை ரோமத் துணியைத் தைப்போம். கண்ணிருக்கும் இடத்தில் வண்ணமிட்ட வலை இருக்கும்; உள்ளே இருப்பவர் அந்த வலை வழியாகவே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, காலடி தெரியவே தெரியாது. கையுறை தடித்தது, பாதம் இருமடங்கு பெரியது. இத்தகைய உடம்போடு யாரும் இயல்பாக நடக்க முடியாது. அடியெடுத்து வைப்பது நிதானமாகிறது, திரும்ப வேண்டுமென்றால் முழு உடம்பும் திரும்ப வேண்டியிருக்கிறது, ஆமாம் என்று சொல்ல இடுப்பிலிருந்தே தலையாட்ட வேண்டியிருக்கிறது. பார்ப்பவருக்கு அது உற்சாகமாகத் தெரிகிறது. அவ்வாறு சிறிது நேரம் அசைந்தபின் உள்ளே இருப்பவருக்கும் உற்சாகம் உண்மையாகவே வந்துவிடுகிறது.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான தலைகளில் வாய் சரிவர அசையாது. அசையாத வாயிலிருந்து மனிதக் குரல் வந்தால் மாயை கலைந்துவிடும் என்பதால் பலர் உடைக்குள் இருக்கும்போது பேசுவதே இல்லை. கூச்சமுள்ள மனிதர்களை மிகவும் வருத்துபவை எவை என்று எண்ணிப் பாருங்கள்: என்ன சொல்வது என்ற தவிப்பு, தம் முகம் எப்படித் தோன்றுகிறதோ என்ற கவலை. இந்த உடை இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுகிறது. உங்கள் நண்பர் வேறொருவராக மாறிவிட்டார் என்று நான் எண்ணவில்லை. அவரை அலுவலகத்தில் கட்டிப்போடும் இரு கயிறுகளும் அங்கே இல்லை.

எதிரில் வருபவர்களின் பங்கையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற ரசிகர், மைர்டில் டக்ளஸ் என்ற ரசிகை தமக்குத் தைத்துக்கொடுத்த எதிர்கால உடையை அணிந்து சென்றார். டக்ளஸும் அவ்வாறே வந்தார். இன்று உலகெங்கும் நடக்கும் ரசிகர் வேடங்களின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தெருவில் நடந்தபோது சிறுவர்கள் தம்மைப் படக்கதை நாயகர்களின் பெயர் சொல்லிக் கூவி அழைத்ததை அக்கர்மன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஊரே உங்களை நாயகன் என்று அழைக்கும்போது தோள் தானாக நிமிரும். குழந்தைகள் கைவிரித்து ஓடிவரும்போது குனிந்து வாங்கிக்கொள்ளாமல் நிற்க எந்த நரியாலும் ஆகாது.

இரவல் உடையைப் பற்றிய என் கருத்து: ஃபர்ரி ரசிகர்களில் பெரும்பாலோர் தமக்கென ஒரு விலங்குருவைப் படைத்துக்கொள்கிறார்கள், பலருக்கும் அது தாம் விரும்பும் தம் வடிவம். முழு உடை வைத்திருப்பவர்களோ சிறுபான்மையினர்தான். நல்ல உடை ஒன்றுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். எனவே உங்கள் நண்பர் உங்களிடம் தருவது வெறும் துணியன்று, மாநாட்டில் பலர் பெயர் சொல்லி அறிந்த ஒரு பாத்திரம். நீங்கள் செய்யும் எதுவும் அந்தக் கழுதைப்புலியின் கணக்கில்தான் எழுதப்படும். அது யாரைச் சீண்டும், யாரைச் சீண்டாது, எங்கே நிறுத்தும் என்பதையெல்லாம் அவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: செய்யாற்றங்கரை

நான் கூத்தாடும் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஆந்த்ரோகான் எனக்குத் தெரியாது. ஆனால் தீய பாத்திரத்தின் உடையைப் பூணுகிறவனுக்கு என்ன நேரும் என்ற கேள்வி எங்களுக்குப் புதிதன்று என்பதால் எழுதுகிறேன்.

திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துகிலுரியும் கூத்து நடக்கும் இரவு, துச்சாதனன் வேடமிட்டவர் சேலையில் கைவைக்கும் முன் அம்மனை வணங்கிச் சூடமேற்றி, நான் செய்யப்போவது வேடத்தின் செயல், என்னைப் பொறுத்தருள வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவ்வளவு செய்தும் அந்தக் காட்சியில் நினைவிழந்து விழுகிறவர்கள் உண்டு. மரக்கட்டையில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் ஏறி, அரிதாரம் பூசி, காலில் சலங்கை கட்டிய உடம்பு, விடியவிடிய ஆடும்போது என்னவாகிறது என்பதைச் சில நிமிடச் சோதனையில் அளந்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனநூல் ஆசிரியை அவர்கள் கூறிய ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. அவை எட்டாத தூரம் ஒன்று இருக்கிறது என்கிறேன்.

எங்கள் பெரியவர்கள் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். வேடம் கட்டுமிடம் வேறு, ஆடுகளம் வேறு. திரைக்குப் பின்னிருந்து பாட்டோடுதான் களத்துக்குள் வருவோம். ஆட்டம் முடிந்ததும் முகம் கழுவி, வேடத்தைக் கலைத்த பிறகே ஊராரோடு உட்கார்ந்து பேசுவோம். டோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை கூடும் காமிகெட் என்னும் படக்கதை ரசிகர் விழாவில் வேடமணிந்தே வரவும் கூடாது, வேடத்தோடு வீடு திரும்பவும் கூடாது, அங்குள்ள அறையில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி இருப்பதை என் மகன் வழியாக அறிந்தபோது, அந்த மக்களும் இதை உணர்ந்தவர்கள் என்று மகிழ்ந்தேன். அந்த விதிக்கு அவர்கள் சொல்லும் காரணம் பொது இடங்களில் பிறருக்குத் தொல்லை கூடாது என்பதாக இருக்கலாம். அணிபவனுக்கும் அது காவல்தான்.

பிட்ஸ்பர்க் நண்பரே, உடையைப் பூண இடமும் நேரமும் குறித்துக்கொள்வதைப் போலவே களையவும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொடர்கேள்வி: பிட்ஸ்பர்க்வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நண்பரிடம் பேசிவிட்டேன். அவருடைய கழுதைப்புலி தெரிந்தவர்களை மட்டுமே சீண்டும். தொப்பியைத் தட்டுவது, பின்னால் நின்று அவர்களைப் போலவே நடந்து காட்டுவது, அவ்வளவுதான். தொடுவதானால் முதலில் கைநீட்டிக் கேட்கும். இதைக் கேட்டபின் எனக்கு இருந்த தயக்கத்தில் பெரும்பகுதி நீங்கியது.

ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடைகள் அணிவகுக்கும் ஊர்வலத்தைக் காண என் மனைவியும் ஐந்து வயது மகளும் வருவார்கள். உள்ளே இருப்பது அப்பாதான் என்று குழந்தைக்குச் சொல்லலாமா? அவள் அஞ்சினால் அங்கேயே தலையைக் கழற்றிக் காட்டலாமா?

பதில்: பஞ்சும்நூலும்

கட்டாயம் முன்பே சொல்லுங்கள். வீட்டிலேயே தலை தனியாக, கை தனியாக மேசைமேல் இருப்பதை அவள் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு அவள் கண்முன்னே ஒவ்வொன்றாக அணியுங்கள். பாதி அணிந்த நிலையில் அவளோடு பேசுங்கள், முழுதும் அணிந்தபின் பேசாமல் கையசையுங்கள். இது உங்களுக்கும் ஒத்திகையாகும். முதன்முதலில் அணிகிறவர்களுக்குச் சில நேரம் மூச்சுமுட்டும் உணர்வு வரும், அது கூட்டத்தின் நடுவே வருவதைவிட வீட்டில் வருவது நல்லது.

மாநாட்டில் பொது இடத்தில் தலையைக் கழற்றுவதை அங்குள்ளவர்கள் விரும்புவதில்லை, மற்ற குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் தலைசுற்றினாலோ குமட்டினாலோ எந்த மரபையும் பார்க்காமல் உடனே கழற்றிவிட வேண்டும்; ஜூலை வெயிலில் ரோம உடைக்குள் உடம்பு கொதிப்பதை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. மற்ற நேரங்களில் தலையைக் கழற்றி இளைப்பாறுவதற்கென்றே மின்விசிறியும் தண்ணீரும் வைத்த தனி அறை அங்கே உண்டு. அவ்வப்போது அங்கே போய்விடுங்கள்.

கூட்டத்துக்குள் உங்கள் கையைப் பிடித்து நடத்திச்செல்ல ஒருவர் வேண்டும், ஹேண்ட்லர் என்பார்கள். காலடியில் வரும் குழந்தை உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்தப் பொறுப்பை உங்கள் நண்பரிடம் விடாதீர்கள், அவரும் உடைக்குள் இருப்பார். உங்கள் மனைவி ஏற்றுக்கொண்டால் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. குழந்தையும் அம்மாவின் கையைப் பிடித்தபடியே உங்களோடு வருவாள்.

மகளிடம் நீங்களாக நெருங்க வேண்டாம். சற்றுத் தள்ளி மண்டியிட்டு, உங்கள் தலை அவள் தலையைவிடத் தாழ்ந்திருக்கும்படி அமர்ந்து, கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். அவள் வந்தால் வரட்டும், வராவிட்டால் கையசைத்துவிட்டு அடுத்த குழந்தையிடம் போங்கள்.