மறு: ‘ஷிஃப்டர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – படிமாற்றியும் இருத்தியும்

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கணினித் திரையில் கார்ப் பந்தயம் ஓட்டும் பந்தய சிமுலேட்டருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் கியர் ஷிஃப்டரை, அதாவது கியர் மாற்றும் கோல் கொண்ட கருவியைப் பற்றிக் காட்பாடி இளைஞர்கள் சிலர் தமிழில் எழுதிவரும் செய்முறைக் கையேட்டுக்குச் சொற்கள் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில், இதுவரை ‘பற்சக்கர மாற்றி’, ‘பல்லிணை மாற்றி’, ‘வேகமாற்றி’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் அக்கறையோடு சொல்லப்பட்டவை. ஆயினும் இந்தக் கருவிக்கு மூன்றும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைக் கருவியின் அமைப்பிலிருந்தே சொல்கிறேன்.

இளைஞர்கள் செய்திருக்கும் கருவிக்குள் ஒரு பற்சக்கரம்கூட இல்லை. கையில் பிடிக்க ஒரு கோல், அது நாற்புறமும் சாய ஒரு மூட்டு, கோலை நடுவுக்கு இழுக்கும் சுருள்வில்கள், கோல் போய்வரத் தடங்கள் வெட்டிய தகடு, தடங்களின் முனைகளில் லேசாக அழுத்தினாலே இயங்கும் மைக்ரோசுவிட்ச்சுகள் ஆகியவையே அதன் உறுப்புகள். ஆறு முன் கியர்களும் ஒரு ரிவர்ஸும் வேண்டுமென்றால் ஏழு சுவிட்ச்சுகள் போதும். எதுவும் அழுந்தாமல் இருந்தால் அதுவே நியூட்ரல். சுவிட்ச்சுகளிலிருந்து வரும் கம்பிகள் ஏடிமெகா32யு4 சில்லு பொருத்திய ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகைக்குப் போகின்றன. அந்தச் சில்லு யுஎஸ்பி வழியாகத் தன்னை ஒரு ஜாய்ஸ்டிக்காக (விளையாட்டுக் கைப்பிடியாக) கணினிக்கு அறிவித்துக்கொள்ள வல்லது என்பதால், விளையாட்டு மென்பொருள் ஒவ்வொரு கியரையும் ஒரு பொத்தானாகவே காண்கிறது. பற்சக்கரங்கள் யாவும் மென்பொருளின் கணக்கில் மட்டுமே சுழல்கின்றன. இல்லாத பொருளின் பெயரைக் கருவிக்குச் சூட்டினால், கையேட்டைப் பார்த்துச் செய்யப்போகும் மாணவர் ராணிப்பேட்டை லேத் பட்டறைக்குச் சென்று பல் வெட்டித் தரச் சொல்லிக் கேட்கக்கூடும்.

‘வேகமாற்றி’யில் வேறொரு சிக்கல் உண்டு. கியர் மாற்றும்போது மாறுவது எஞ்சின் சுழற்சிக்கும் சக்கரச் சுழற்சிக்கும் உள்ள விகிதம். ஒரே மூன்றாம் கியரில் வண்டி மெதுவாகவும் போகும், விரைவாகவும் போகும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்தான்.

ஆகவே ‘படிமாற்றி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கியர் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருள்களில் வழங்குகிறோம்: பெட்டிக்குள் இருக்கும் பல் வெட்டிய சக்கரம் ஒன்று, ஓட்டுநர் போடும் முதல் கியர், இரண்டாம் கியர் என்ற நிலை மற்றொன்று. முதலாவதற்குப் பற்சக்கரம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதற்குப் ‘படி’ என்பதே பொருத்தம். முதற்படி, இரண்டாம்படி, பின்படி என்று தடையின்றிச் சொல்லலாம். ஏற்றுவதும் இறக்குவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. படி என்பது நகலையும் அளவையையும் பயணப்படியையும் குறிக்குமே என்று ஆம்பூர் அன்பர் தனி மடலில் கேட்டிருந்தார். அவர் கவலை நியாயமானதே. ஆனால் கூட்டுச்சொல்லில் ‘மாற்றி’ வந்து சேர்ந்ததும், அதுவும் வண்டியைப் பற்றிய பேச்சில், நகலையோ பயணப்படியையோ எவரும் நினைக்கப்போவதில்லை. பேச்சில் ‘கியர்’ தொடர்ந்து வழங்கட்டும். அதைத் துரத்துவது நம் நோக்கமன்று. கையேட்டில் சக்கரத்தையும் நிலையையும் பிரித்துச் சொல்லியாக வேண்டிய இடங்களில்தான் இச்சொல் தேவைப்படுகிறது.

கருவியின் இரு வகைகளையும் இதிலிருந்தே பெயரிட்டுவிடலாம். காரில் உள்ளது போலத் தடங்களில் நகர்ந்து இன்ன கியர் என்று நேரே தேர்வது ‘தடப் படிமாற்றி’. மோட்டார் சைக்கிளில் காலால் செய்வது போல ஒன்று மேலே அல்லது ஒன்று கீழே என்று மட்டும் சொல்வது ‘ஏறிறங்கு படிமாற்றி’. முன்னதில் கியர் இருக்கும் வரை சுவிட்ச் அழுந்தியே இருக்கும். பின்னதில் ஒரு கணம் அழுந்தி விடுபடும். நிரல் எழுதுவோருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

இனி, எல்லோரும் தொடாமல் விட்ட ஒரு சொல்லுக்கு வருகிறேன். என் பார்வையில் கையேட்டின் உயிர்நிலை அதுவே. ஆங்கிலத்தில் ‘டீடென்ட்’ எனப்படும் உறுப்புக்குத்தான் நமக்குச் சொல் இல்லை. கோலோடு சேர்ந்து நகரும் ஒரு துண்டில் பள்ளங்கள் இருக்கும். சுருள்வில் தள்ளும் எஃகுக் குண்டு ஒன்று அந்தப் பள்ளத்தில் போய் அமரும். சைக்கிளின் பின்சக்கர அச்சில் இருக்கும் கால் அங்குலக் குண்டே இதற்குப் போதும். கையால் தள்ளும்போது முதலில் எதிர்ப்பு கூடும். மேட்டைத் தாண்டியதும் எதிர்ப்பு அற்றுப்போய், கோல் தானாகவே அடுத்த பள்ளத்துக்குள் இழுபடும். இது இல்லாத ஷிஃப்டர் வெறும் ஆடும் குச்சி. பந்தயத்தின் நடுவே, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், கியர் மாறிவிட்டதைக் கை அறிந்துகொள்ள வழியே இருக்காது. உண்மையான கியர் பெட்டிக்குள் கியரைத் தேர்ந்து நகர்த்தும் தேர்வுத் தண்டுகளிலும் இதே குண்டும் வில்லும் இருக்கின்றன. பற்சக்கரம் இரண்டுக்கும் பொதுவில்லை. இந்த உறுப்புதான் பொது.

இதற்குத் ‘தடுப்பான்’ என்று ஒருவர் எழுதினார். இது தடுப்பதில்லை, பிடித்து வைத்து, உரிய அழுத்தம் வந்ததும் விட்டுக்கொடுக்கிறது. ‘குண்டுக்குழி’ என்று ராணிப்பேட்டை அன்பர் சொன்னது பட்டறையில் உடனே விளங்கும் சொல்தான். ஆனால் ஏறிறங்கு வகையில் பலர் குண்டுக்கும் குழிக்கும் பதிலாக நியோடிமியம் என்ற வலிமையான காந்தங்களைப் பொருத்துகிறார்கள். அங்கே குண்டும் இல்லை, குழியும் இல்லை. செயல் மட்டும் அதேதான். எனவே பெயர் செயலிலிருந்து வரவேண்டும். கியர் சரியாகப் பொருந்தாதபோது நம் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ‘கியர் விழவில்லை’, ‘கியர் உட்காரவில்லை’ என்கிறார்கள். உட்கார வைத்தலுக்கு இருத்துதல் என்ற வினை நம்மிடம் உண்டு. குழந்தையை மடியில் இருத்தினாள் என்று இன்றும் எழுதுகிறோம். அவ்வினையிலிருந்து ‘இருத்தி’. இது வினையெச்சம் போல் ஒலிக்கிறது என்பவர்களுக்கு, ‘மாற்றி’யும் அவ்வாறே ஒலிப்பதைச் சுட்டுவேன். தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியை யாரும் வினையெச்சமாகப் படிப்பதில்லை.

இச்சொல் கிடைத்துவிட்டால் கையேட்டின் கடினமான வரிகள் எளிதாகின்றன. ‘இருத்தியின் மேட்டைக் கோல் தாண்டிய பிறகே சுவிட்ச் அழுந்த வேண்டும், முன்னதாக அழுந்தினால் கை உணர்வதற்குள் திரையில் கியர் மாறிவிடும்’ என்று எழுதலாம். ‘இருத்தியின் வில்லைத் திருகு கொண்டு இறுக்கினால் கோல் கனக்கும்’ என்று எழுதலாம். பள்ளத்தின் சரிவு செங்குத்தாக ஆக, அதிலிருந்து வெளியேறக் கூடுதல் விசை வேண்டும் என்பதையும் இதே சொல்லைக் கொண்டு ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் தகட்டைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். 1989இல் ஃபெராரி 640 காரின் மூலம் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குள் வந்த அமைப்பு அது. ஆங்கிலத்தில் அதற்கு ‘பேடில்’ என்று பெயர் என்பதால் ‘துடுப்பு’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. அதை யாரும் வலிப்பதில்லை. காதுமடல் என்பதை ஒட்டி ‘விரல்மடல்’ எனலாமா என்று பார்க்கிறேன். பழகிய பொருளின் பெயர் எளிதில் நிலைக்கும்: ஏலகிரி மலைச் சாலையின் 14 திருப்பங்களை நாம் ‘கொண்டை ஊசி வளைவு’ என்றே சொல்கிறோம். அச்சொல் ஆங்கிலத்தின் வழியே வந்ததுதான். என்றாலும் கொண்டை ஊசி எல்லோரும் கையாண்ட பொருள் என்பதால் நம் வாயில் நிலைத்தது. விரல்மடலுக்கு அந்தத் தெளிவு இருக்கிறதா என்பதில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. படிமாற்றி, இருத்தி ஆகிய இரண்டையும் கையேட்டின் வரைவில் சேர்த்துவிடலாம் என்றும், விரல்மடலை மட்டும் இவ்விழையில் மேலும் விவாதிக்கலாம் என்றும் வேண்டுகிறேன். மாற்றுச்சொல் தருவோர், அது காந்தம் பொருத்திய மடலுக்கும் வில் பொருத்திய மடலுக்கும் ஒருசேரப் பொருந்துகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து