புதுப்பிப்பு: நடுச்சுவரை இடிக்க 4½ இஞ்ச் கணக்கு மட்டும் போதாது

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுப்பது பற்றிய முந்தைய பதிவில், சுவரின் கனம் 9 இஞ்ச் என்றால் மேலே உள்ள பாரத்தைத் தாங்கும் சுமைச் சுவர், 4½ இஞ்ச் என்றால் வெறும் தடுப்பு என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஈரோடு, கோபிப் பக்கம் பழைய வீடுகள் பலவற்றில் தூணும் பீமும் இல்லை; கூரையாக உள்ள கான்கிரீட் தளம் சுவர் மேலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே 4½ இஞ்ச் சுவரும் மாடிப்படியின் லேண்டிங்கைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

பூச்சு நீங்கலாகக் கனத்தை அளந்த பிறகு சுவரின் உச்சியைப் பாருங்கள். தளத்தை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுங்கள். கடைசி வரிச் செங்கலுக்கும் தளத்துக்கும் நடுவே கலவை திணித்து அடைத்த கோடு தெரிந்தால், தளம் போட்ட பின் எழுப்பிய சுவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். தளத்தின் கான்கிரீட் அப்படியே செங்கல் மேல் இறங்கிப் படிந்திருந்தால் கை வைக்காதீர்கள். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்வதை நம்ப வேண்டாம், சுமைச் சுவரா தடுப்பா என்பது சத்தத்தில் தெரியாது.

ஓட்டு வீடா? உத்திரத்தின் முனை எந்தச் சுவரில் ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள்; அது சுமைச் சுவர். மாடியில் அதே நேர்கோட்டில் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்கூட உருவக்கூடாது.