விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றுக்கும் ஒரே ஃபோல்டர்: சம்பாவா, என்எஃப்எஸ்ஸா?

அச்சுமை:
எங்களுடையது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம். விண்டோஸ் 11 ப்ரோ ஐந்து, மேக் இரண்டு, சர்வராக ஒரு பழைய உபுண்டு லினக்ஸ் கணினி. சம்பாவில் (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸின் எஸ்எம்பி முறையில் பகிரும் மென்பொருள்) பாஸ்வேர்டு இல்லாமல் ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தேன். 24எச்2 அப்டேட் ஏறியதும் விண்டோஸ் எதுவும் உள்ளே போகவில்லை. சம்பாவைத் தூக்கிவிட்டு, யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் ஃபோல்டர் பகிரும் முறையான என்எஃப்எஸ் போடு என்கிறார் நண்பர். போடலாமா?

பெங்குவின்தாசன்:
தாராளமாக. 1984இல் சன் நிறுவனம் கொண்டுவந்தது, இன்றும் ஓடுகிறது. மேக்கும் உள்ளுக்குள் யூனிக்ஸ்தான். எந்த ஃபோல்டரை யாருக்குத் திறப்பது என்று எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் ஒரே ஒரு வரி, வேலை முடிந்தது. லினக்ஸ் சர்வரை வைத்துக்கொண்டு விண்டோஸ் பாஷை எதற்கு?

வயர்மணி:
அந்த ஒரு வரிக்கு அப்புறம்தான் தலைவலியே. என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் ஆளின் பெயரைப் பார்க்காது, கணினி அவருக்குத் தந்த பயனர் எண்ணைத்தான் பார்க்கும். மேக்கில் முதல் பயனர் 501, உபுண்டுவில் 1000. ஒருவர் சேமித்ததை இன்னொருவர் திருத்த முடியாது. விண்டோஸோ, ரெஜிஸ்ட்ரியில் எண் எழுதித் தரும்வரை அநாமதேயமாகத்தான் நுழையும். மேக் யூனிக்ஸ்தான், சரி. ஆனால் 2013இல் மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பு வந்தபோதே ஆப்பிள் தன் சொந்தப் பகிர்வு முறையான ஏஎஃப்பியை ஓரங்கட்டி எஸ்எம்பி2-க்கு மாறிவிட்டதே?

பெங்குவின்தாசன்:
ஆல்-ஸ்குவாஷ் போட்டால் எல்லோரும் ஒரே எண்ணாகிவிடுவார்கள். எஸ்எம்பி பெருமை பேசுகிறவர்கள் 2017இல் எஸ்எம்பி வழியாகப் பரவிக் கணினிகளை முடக்கிய வான்னாக்ரையை மறந்துவிட்டீர்களா?

வயர்மணி:
அது எஸ்எம்பி முதல் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் எழுதிய நிரலில் இருந்த ஓட்டை. சம்பாவில் இல்லை.

பெங்குவின்தாசன்:
அதே மே மாதம் சம்பாவிலும் ஒன்று வெளிவந்தது. அதையும் சொல்லுங்கள்.

வயர்மணி:
உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். உடனே திருத்தமும் வந்தது. ஆனால் ஆல்-ஸ்குவாஷ் போட்டால், நாளை ஒரு ஃபைல் காணாமல் போகும்போது யார் கைவரிசை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அதைவிட முக்கியமான ஒன்று. பத்திரிகை அச்சகத்தில் ஃபோல்டர்கள் மணமக்கள் பெயரில்தான் இருக்கும், அதுவும் தமிழில். என்எஃப்எஸ் வழியாக மேக்கின் ஃபைண்டரில் 'கோமதி' என்று பெயர் வைத்தால், 'கோ'வை 'கே'யும் துணைக்காலுமாகப் பிரித்து அனுப்பும். உபுண்டுவில் அடித்த 'கோமதி'யில் அந்த ஓகாரம் ஒரே குறியாக இருக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர். எது கடைசி ப்ரூஃப் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெங்குவின்தாசன்:
மேக்கில் மவுண்ட் செய்யும்போது பிரிந்த குறிகளைச் சேர்த்து அனுப்பும் என்எஃப்சி என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் அது சரியாகிவிடும்.

வயர்மணி:
மேக்கில் சரியாகும். விண்டோஸின் என்எஃப்எஸ் கிளையன்ட்டில் தமிழ்ப் பெயர் கிறுக்கலாகத் தெரியுமே, அதற்கு என்ன ஆப்ஷன்?

சும்மாபோகிறவன்:
இவ்வளவு எதற்கு? விண்டோஸில் கெஸ்ட்டை (பாஸ்வேர்டு இல்லாத நுழைவை) அனுமதித்து, சைனிங்கை (தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பத்தை) அணைத்துவிட்டால் பழையபடி ஓடும்.

வயர்மணி:
ஓடும். ப்ரூஃப் பார்க்க வரும் வாடிக்கையாளருக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுப்பீர்கள் இல்லையா? அவர் போனிலிருந்தே அந்த ஃபோல்டர் திறக்கும்.

அச்சுமை, சம்பா கெட்டுப்போகவில்லை. 24எச்2 ப்ரோவில் சைனிங் கட்டாயம், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட்டுக்கு அது நடக்காது. ஆளுக்கொரு பயனர் உருவாக்குங்கள். உபுண்டு பாஸ்வேர்டு மட்டும் போதாது, smbpasswd கட்டளையில் சம்பாவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். மேக்குடன் ஒத்துப்போக சம்பாவின் ஃப்ரூட் மாட்யூலையும் சேருங்கள் (பெயர் வைத்தவருக்குக் குறும்பு அதிகம்).

அச்சுமை:
எட்டுப் பயனர் போட்டேன். ஐந்து விண்டோஸும் உள்ளே வந்துவிட்டன. ஒரு மேக் மட்டும் பழைய கெஸ்ட் லாகினையே பிடித்துக்கொண்டிருந்தது, துண்டித்து மறுபடி இணைத்ததும் வழிக்கு வந்தது.

பெங்குவின்தாசன்:
நாளை இரண்டாவது உபுண்டு வாங்கினால் அந்த இரண்டுக்கும் நடுவிலாவது என்எஃப்எஸ் போடுங்கள்.

வயர்மணி:
அதற்கு நான் குறுக்கே வரமாட்டேன்.